ஒரு லட்சம் ஒதுக்கியாச்சு: குளமா, மரமா, பள்ளிக்கூடமா, சொந்தப் பட்டறையா?

மார்ச் மாதம் வந்தால் என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்களில் நாலைந்து பேராவது, கணக்கை முடித்த கையோடு இதைக் கேட்டுவிடுவார்கள். "சார், இந்த வருஷம் கொஞ்சம் நல்லாப் போச்சு. ஊருக்கு ஏதாவது செய்யலாம்னு இருக்கேன். எதுக்குச் செய்யலாம்?"

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வரிக் கணக்குப் பார்ப்பவன். கேட்பவர்கள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பட்டறைக்காரர், மஞ்சக்குப்பத்துத் துணிக்கடைக்காரர், பாகூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர், இப்படி. ஒதுக்கும் தொகை ஐம்பதாயிரத்தில் தொடங்கி இரண்டு லட்சம் வரை போகும். பேச்சுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மனதில் இருக்கும் யோசனைகளும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: குளம் தூர்வாரலாம், மரம் நடலாம், பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம். நாலாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன். அதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் வாடும். அது கடைசியில்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "சிஎஸ்ஆர் நமக்கும் உண்டா சார்?" என்று பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். சிஎஸ்ஆர் என்பது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு; 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு அது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் தனி உரிமையாளர்கள், மீதிப் பேர் கூட்டு வியாபாரம். சட்டம் இவர்களில் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் சட்டம் போடும் ஒரு தடையும் நமக்கு இல்லை: பெரிய நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்வதைச் சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட முடியாது. நமக்கு அந்தக் கணக்கே கிடையாது.

## எதை வைத்து அளப்பது

என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் இவை.

மூன்றாம் வருஷம் என்ன செலவு? திறப்பு விழா அன்றைய செலவை யாரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் வரும் தண்ணீர், காவல், பழுது, கூலிதான் கணக்கில் வராது.

இடம் யாருடையது, யாருடைய கையெழுத்து வேண்டும்?

நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு அங்கே இருக்கப்போவது யார்? எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. மற்றவை எல்லாம் சரியாக இருந்து இது ஒன்று இல்லாவிட்டால் பணம் போனதுதான்.

உங்கள் தொழிலால் யாருக்கு, எதற்குச் சேதம்? கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிக மோசமாக மாசடைந்தவை என்று அறிவித்த 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. உப்பனாற்றங்கரையில் நாற்றத்தோடு வாழ்ந்தவரிடம் போய், சாலையோரம் நாலு வேப்பங்கன்று நட்டதைச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று நமக்கே தெரியும்.

கடைசியாக வரி. இதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபருக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும், பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் எடுபடாது. ஜேசிபிக்காரருக்கு நேராகக் கொடுத்த வாடகைக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை.

## குளம், ஏரி

புகைப்படத்துக்கு இதைப் போல் அழகான காரியம் வேறில்லை. மஞ்சள் இயந்திரம், குவிந்த மண், நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய நாம்.

சில வருஷத்துக்கு முன் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கடலூருக்குத் தெற்கே ஒரு ஊர்க் குளத்தை எடுத்துச் செய்தோம். மே மாத வெயிலில் ஐந்து நாள் வேலை. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, கரையைப் பலப்படுத்தி, படிக்கட்டுக்கு வெள்ளையடித்து, பலகையும் வைத்தாயிற்று. நவம்பரில் ஊரே மிதக்கிற மழை. ஆசையோடு பார்க்கப் போனால் குளத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர். மழைநீர் எல்லாம் தார்ச்சாலை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. வரத்து வாய்க்காலின் குறுக்கே இருந்த சிறுபாலத்தில் பழைய வீடு இடித்த கல்லும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. அதற்கும் மேலே ஒரு மாட்டுக் கொட்டகை வாய்க்காலை விழுங்கியிருந்தது. கரையில் குந்தியிருந்த பெரியவர் சொன்னார்: "வயித்தை வெட்டினீங்க, வாயைத் தொறக்கலையே தம்பி." ஆறு லட்சத்துக்கு நாங்கள் கற்ற பாடம் அந்த ஒரு வரி.

பாகூர் ஏரியைப் பாருங்கள். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. அது நிறைவது தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பங்காரு வாய்க்காலால். அணைக்கட்டு இருப்பது தமிழ்நாட்டில், ஏரி இருப்பது புதுச்சேரியில். ஏரிக்குள் எத்தனை அடி தோண்டினாலும், வாய்க்கால் சரியாக இருக்கிறதா என்பதுதான் பாகூர் நெல்லுக்குக் கணக்கு. சின்னக் குளத்துக்கும் கதை இதேதான், அளவுதான் வேறு.

இரண்டாவது மறைமுகச் செலவு ஆழம். ஜேசிபி வாடகை மணிக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. டிராக்டர்களையும் சேர்த்தால் ஒரு லட்சம் ஐந்தாறு நாளில் கரைந்துவிடும். கொடுத்த காசுக்கு நிறைய மண் வரட்டும் என்று நாமும் விரட்டுவோம். அடியிலிருக்கும் களிமண் படிவத்தை வாளி கிழித்துவிட்டால், கீழே இருக்கும் மணல் தண்ணீரைக் குடித்துவிடும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் அதிக ஆழம் போனால் வருவது உப்பு. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அந்த ஊரில் கிணறு வெட்டிய ஆளுக்குத் தெரியும். இயந்திரம் ஓட்ட வந்த வெளியூர்ப் பையனுக்குத் தெரியாது.

அனுமதியும் உண்டு. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையுடையவை. வெட்டிய மண் உங்களுடையது ஆகாது. ஆனால் விவசாயிகளும் மண்பாண்டம் செய்வோரும் வட்டாட்சியரின் அனுமதியோடு வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; இந்த அதிகாரம் வட்டாட்சியர் அளவுக்கு வந்தது 2024இல்தான். இதைச் சரியாகப் பயன்படுத்தினால் மண் அள்ளும் செலவு பாதியாகக் குறையும். அவரவர் டிராக்டரில் அவரவர் வயலுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள்.

ஆக, ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு ஏரியைத் தொடாதீர்கள். வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்யவும், சிறுபாலத்தின் அடைப்பை எடுக்கவும், மதகுக் கதவைப் பழுது பார்க்கவும் அந்தத் தொகை தாராளமாகப் போதும். படத்தில் எடுப்பாக இராது. தண்ணீர் வரும்.

எல்லாம் ஆகஸ்ட்டுக்குள் முடிய வேண்டும். நம் ஆட்களுக்குக் கொடுக்கும் மனசு வருவது மார்ச்சிலும் தீபாவளிக்கும்தான். தீபாவளிக்குள் மழை இறங்கிவிடும்.

## மரம்

மலிவு என்று நினைத்து எல்லோரும் முதலில் கை வைப்பது இதில். கன்று மலிவுதான். கூண்டு, கன்றைவிடப் பல மடங்கு விலை. கூண்டைவிட விலை உயர்ந்தது இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள். நூறு கன்று நட்டுப் படம் எடுப்பவரும், இருபது கன்று நட்டு ஒரு பெரியம்மாவுக்கு மாதச் சம்பளம் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்பவரும் ஒரே தொகையைத்தான் செலவழிக்கிறார்கள். மூன்றாம் வருஷம் மரம் இருப்பது இரண்டாமவரிடம்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு முழுக்கச் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து ஓடும். அங்கே வந்தவர்கள் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தினார்கள், ஆடு மாடு வராமல் வேலி கட்டினார்கள், கன்று நட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கேயே குடியிருந்தார்கள். இன்று காடாக நிற்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை காலை போய் நட்டுவிட்டு, பொங்கல் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

எந்த மரம் என்பதில் நம் கடற்கரைக்குத் தேர்வு கடினமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. மறுநாள் வண்டி ஓட்ட வழியில்லாமல் நடந்தே வந்தேன். வழியெல்லாம் தூங்குமூஞ்சியும் குல்மொகரும் வேரோடு மல்லாந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போன கதையை இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறவர்கள் இருக்கிறார்கள். மட்டை பிய்ந்து, தலை கலைந்து நின்றவை பனைகள். நிழலுக்கு வேம்பு, புங்கன், பூவரசு, புன்னை, நிற்பதற்குப் பனை.

பனைக்குக் கூண்டு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் பழம் விழும்போது கொட்டையைப் பொறுக்கி, மழைக்கு முன் ஊன்றினால் போதும். 2021இல் தமிழ்நாட்டு வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனைவிதை கொடுப்பதாக அறிவித்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். செலவென்று பார்த்தால் சாக்கு, கடப்பாரை, வருகிறவர்களுக்கு டீ, அவ்வளவுதான். அப்புறம் என்ன சிக்கல்? காலம். பதனீர் இறக்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். முதல் சில வருஷம் புல்லா பனையா என்றே தெரியாது; யாராவது புல்லுக்குத் தீ வைப்பார், இல்லை கரையைச் சமன் செய்ய வரும் இயந்திரம் வழித்துக்கொண்டு போகும். எனக்குத் தெரிந்த ஒரு குழு செப்டம்பரில் ஏரிக்கரையில் வரிசையாக ஊன்றியது. பொங்கலுக்கு முன் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தோண்டி, பனங்கிழங்காக வேகவைத்துத் தின்றுவிட்டார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஊருக்குச் சொல்லாமல் நட்டவர்கள் மேல்தான்.

## பள்ளிக்கூடம்

இதில் நான் அதிகம் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குக் கொடுக்க முறையான வழி இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பொருளாகக் கொடுத்தால் அதைப் பராமரிக்கப் பள்ளியிடம் பணம் இருக்காது. வராந்தாவில் நிற்கும் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் தலையில் துடைப்பத்தைச் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடிகட்டி மாற்றக் காசு இல்லாமல் நின்றுபோனது அது. புதுக் கழிப்பறை கட்டுவதைவிட, இருக்கும் கழிப்பறையைக் கழுவ வருபவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பது பிள்ளைகளுக்கு உதவும். தலைமையாசிரியரிடம் மட்டும் கேட்காமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மாரிடமும் கேளுங்கள். பட்டியல் வேறாக வரும்.

## சொந்தப் பட்டறை

முகம் வாடும் யோசனை இதுதான். "அது நம்ம கடைதானே சார், அதுல என்ன சேவை?" என்பார்கள்.

முந்திரி உடைக்கும் கையை யாராவது பக்கத்தில் பார்த்ததுண்டா? நான் கணக்குக்காகப் போன ஒரு பட்டறையில், உடைக்கும் அக்கா ஒருவர் கூலிப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க வந்தார். விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். அதற்குத்தான் சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டு உட்காருகிறார்கள். ஆதாருக்குக் கைரேகை வைத்தால் இயந்திரம் ஏற்பதில்லை, ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் இழுபறி என்றார். அதே பட்டறையின் முதலாளி அந்த வருஷம் குளத்துக்கு எழுபதாயிரம் கொடுத்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சரி, கையுறை வாங்கிக் கொடுத்தால் முடிந்ததா? முடியவில்லை. அங்கேதான் மறைமுகச் செலவு. உடைப்பவர்களுக்குக் கூலி கிலோ கணக்கில். கையுறை போட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும், ஒரு வாரத்தில் கையுறை ஆணியில் தொங்கும். "கொடுத்தேன் சார், போட மாட்டேங்கறாங்க" என்று முதலாளி சொல்வார். கிலோவுக்கான கூலியை ஏற்றாமல் கையுறை கொடுப்பது பாதிக் கொடுப்பு. ஏற்றிய கூலி வருஷா வருஷம் நிற்கும் செலவு. இதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

துணிக்கடைக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. முக்காலிகளும் வந்தன. அதில் சட்டை அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சட்டப்படி கொடுக்க வேண்டியதைச் சேவைக் கணக்கில் எழுதாதீர்கள். பத்துப் பேர் இருந்தால் ஈஎஸ்ஐ என்கிற மருத்துவக் காப்பீடு, இருபது பேர் இருந்தால் பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, இதெல்லாம் கடன். கடனை அடைத்த பிறகு மீதியில் செய்வதுதான் நம் விருப்பம். புகைபோக்கியை உயர்த்துவது, கழிவுநீர்த் தொட்டியைச் சரி செய்வதும் பெரும்பாலும் இந்தக் கடன் வகைதான். ஒரு லட்சம் பெரும்பாலும் பத்தாது.

வரியில் இது ஒன்றுதான் நேரான வழி. கையுறை, முகக்கவசம், கூடுதல் கூலி எல்லாம் தொழில் செலவு, முழுதாகக் கழியும். கட்டடம் கட்டினால் வருஷா வருஷம் தேய்மானமாக எழுதலாம்.

## ஒரே பார்வையில்

| | குளம் | மரம் | பள்ளிக்கூடம் | சொந்தப் பட்டறை |
|---|---|---|---|---|
| மூன்றாம் வருஷச் செலவு | வாய்க்காலை மறுபடி சுத்தம் செய்ய வேண்டும் | கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள். பனைக்கு ஏறக்குறைய இல்லை | பழுது, சம்பளம் | ஏற்றிய கூலி நிற்கும் |
| அனுமதி | கட்டாயம், நாள் பிடிக்கும் | பொது இடமென்றால் வேண்டும் | பள்ளி வழியாக எளிது | நீங்களே |
| பார்த்துக்கொள்ள | ஆயக்கட்டு விவசாயிகள் இருந்தால் நல்லது | கூலிக்கு ஆள் வைக்க வேண்டும் | மேலாண்மைக் குழு | தினமும் நீங்களே |
| வரி | நேரடிச் செலவுக்கு இல்லை | நேரடிச் செலவுக்கு இல்லை | பழைய முறை, முறையான ரசீது இருந்தால் | தொழில் செலவு |

## யாருக்கு எது

உங்களிடம் வேலை செய்பவர்களின் கையிலோ மூச்சிலோ முதுகிலோ உங்கள் தொழில் தெரிகிறது என்றால், வேறெதையும் யோசிக்க வேண்டாம். முந்திரி, அரிசி ஆலை, வெல்டிங், சாயம், செங்கல் சூளை எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

கணக்கு எழுதும் என்னைப் போன்ற ஆட்கள், மருந்துக்கடை, செல்போன் கடை என்று, நாலு பேர் வேலை செய்து அவர்களுக்குச் செய்ய வேண்டியதையும் செய்துவிட்டவர்கள் வெளியே பார்க்கலாம். சொந்த ஊரில் இன்னும் நிலமும் உறவும் இருந்தால் வாய்க்காலை எடுங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் உங்கள் பங்காளியே கேள்வி கேட்பார், அதைவிடக் காவல் வேறில்லை. ஊரில் யாருமில்லை, நகரத்திலேயே குடியிருக்கிறீர்கள் என்றால், உங்கள் தெருவில் தினமும் கண்ணில் படும் தூரத்தில் பத்து மரம். பணம் குறைவு, ஆட்கள் நிறைய என்றால் பனங்கொட்டை, அதுவும் ஊரில் தண்டோரா போட்டுவிட்டு. ஒரே தடவையாக இல்லாமல் மாதம் எட்டாயிரம் கொடுக்க முடியும் என்றால் பள்ளிக்கூடம்.

குளத்துக்கு எழுபதாயிரம் கொடுத்த அந்த முந்திரிப் பட்டறைக்காரர் போன வருஷம் கூலியை ஏற்றினார், கையுறையும் வாங்கினார். மார்ச்சில் கணக்கு முடிக்க வந்தபோது ஒரே ஒரு குறை சொன்னார்: "எல்லாம் சரி சார், பேர் போட்டு போர்டு எங்கே வைக்கிறது?" நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அன்று அவர் கூடக் கொண்டுவந்திருந்த கூலிப் பதிவேட்டில், வழக்கமாக அந்த அக்காவின் பெயருக்கு நேரே இருக்கும் மைக் கறைக்குப் பதில், கோணல்மாணலாக ஆனால் தெளிவாக, விரல் ரேகை பதிந்திருந்தது.